பழைய டென்னிஸ் வீரரின் ஆட்ட வாழ்க்கையை நோட்டில் எழுதுவது எப்படி

மே மாதம் மதுரையில் காலை எட்டரைக்கு மேல் களிமண் கோர்ட்டில் நிற்க முடியாது. ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கெல்லாம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். போகும்போது ஒரு வேலையும் கொடுப்பேன். ஆடி ஓய்ந்த ஒரு டென்னிஸ் வீரரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவருடைய முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை, கிடைக்கிற அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒரு மாதம் அவகாசம். பதினோரு வருடமாக இதைச் செய்து வருகிறேன்.

"பேக்ஹேண்ட் சொல்லிக் குடுங்க மாஸ்டர், இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கிற பெற்றோர் உண்டு. பேக்ஹேண்டும் சொல்லித் தருகிறேன். ஆனால் திண்டுக்கல்லில் ஒரு போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிற பிள்ளைக்கு பேக்ஹேண்டால் ஆறுதல் சொல்ல முடியாது. 128 பேர் ஆடுகிற போட்டியில் 127 பேர் தோற்றுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். அதில் 64 பேர் முதல் சுற்றோடு சரி. ஒற்றையர் ஆட்டத்தில் இந்திய வீரர் ரமேஷ் கிருஷ்ணன் வாங்கிய பட்டங்கள் 8. மற்றபடி அவர் ஆடப் போன போட்டி ஒவ்வொன்றும் யாரோ ஒருவரிடம் தோற்பதில்தான் முடிந்திருக்கிறது. அவர் உலகத் தரவரிசையில் 23-ஆம் இடம் வரைக்கும் போனவர். இதை நான் வாயால் சொன்னால் பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தன் கையால் வரிவரியாக எழுதும்போதுதான் உள்ளே இறங்கும்.

இந்த வேலையை எப்படிச் செய்வது என்று பல பெற்றோர் கேட்டுவிட்டார்கள். அதனால் முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன். டென்னிஸ் ஆடாதவர்களும் செய்யலாம்.

நோட்டும் பென்சிலும்

200 பக்க நீளநோட்டு வாங்குங்கள், கோடு போட்டது. புதுமண்டபத்துக்குள் கடைகள் இருந்த காலத்தில் நான் அங்கேதான் மொத்தமாக வாங்கிக்கொண்டு வருவேன். இப்போது எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கிறது. தனித்தனித் தாளில் எழுதாதீர்கள், காற்றில் போய்விடும். கம்ப்யூட்டரில் நகலெடுத்து ஒட்டவும் வேண்டாம். கை வலிக்க எழுதினால்தான் ஒருவர் ஒரே ஆளிடம் நான்கு முறை தோற்றிருக்கிறார் என்பது கண்ணில் படும்.

ஒரு வருடத்துக்கு எதிரெதிர் இரண்டு பக்கம். இடது பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஏழு கட்டம் போடுங்கள்: மாதம், ஊர், தரை, சுற்று, எதிராளி, ஸ்கோர், முடிவு. வலது பக்கத்தைக் காலியாக விடுங்கள். அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

6-4 என்றால் அந்த செட்டில் ஒருவர் ஆறு கேம், மற்றவர் நான்கு கேம் எடுத்தார் என்று அர்த்தம். ஸ்கோரை எப்போதும் உங்கள் ஆட்டக்காரர் பக்கத்திலிருந்து எழுதுங்கள், அவர் எண் முதலில். பத்திரிகைகளிலும் இணையத்திலும் ஜெயித்தவர் பக்கத்திலிருந்துதான் போட்டிருப்பார்கள். உங்கள் ஆள் தோற்றிருந்தால் எண்களைத் திருப்பிப் போட வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுங்கள். ஒரே செய்தி இரண்டு வேறு இடங்களில் ஒத்துப்போனால் மட்டும் அதன்மேல் பேனாவால் எழுதுங்கள். ஒரு இணையதளத்தைப் பார்த்து இன்னொன்று காப்பியடித்திருந்தால் அது இரண்டு இடம் ஆகாது. ஏடிபி (ஆண் ஆட்டக்காரர்களின் சங்கம்), ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு), டேவிஸ் கோப்பை (நாடுகளுக்கு இடையிலான ஆண்கள் அணிப் போட்டி), விம்பிள்டன் ஆகியவற்றின் அதிகாரப்பூர்வத் தளங்களில் பழைய ஆட்டங்களின் முடிவுகள் இருக்கின்றன. அதோடு ஒரு புத்தகத்தையோ பழைய பத்திரிகையையோ வைத்துச் சரிபாருங்கள். புதுநத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-ல் திறந்த பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு இதற்காக உட்கார ஒரு நல்ல இடம் கிடைத்துவிட்டது. வெயில் நேரத்துக்கும் நிம்மதி.

யாரை எடுப்பது

ஆடிக்கொண்டிருப்பவர் வேண்டாம். அவர் கதை நாளைக்கே மாறும். ஃபெடரரை எடுக்கிறேன் என்று வருகிற பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் நோட்டு நம் பக்கத்து ஆளாக இருப்பது நல்லது. நாகர்கோவிலில் 1937-ல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், அவர் மகன் ரமேஷ், சென்னையின் விஜய் அமிர்தராஜ், கோயம்புத்தூரின் நிருபமா வைத்தியநாதன். "நம்ம ஊர் வெயிலில் ஆடிப் பழகியவர்" என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு நிருபமாவைத்தான் முதலில் சொல்வேன். 1998 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றை ஜெயித்தார். ஓபன் காலத்தில் (காசுக்கு ஆடுபவர்களையும் பெரிய போட்டிகளில் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிறகு) கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் ஒற்றையர் பிரதான சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அந்த ஒரு வரியை எழுதிவிட்டு நோட்டை மூடிவிடாதீர்கள். அந்த ஒரு ஆட்டத்துக்கு முன்னால் எத்தனை சின்னப் போட்டிகள், எத்தனை ஊர்கள், எத்தனை தகுதிச் சுற்றுகள் என்று எண்ணுங்கள். சின்னப் போட்டிகளை விட்டுவிட்டால் அவர் பட்ட பாட்டில் முக்கால்வாசி நோட்டுக்குள் வராமலே போய்விடும்.

தோல்விகளிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் கோப்பைகளைத்தான் முதலில் எழுதுவார்கள். நான் மாற்றிச் செய்யச் சொல்கிறேன். முதல் வாரம் முழுக்கத் தோல்விகள் மட்டும். யாரிடம், எந்தச் சுற்றில், எத்தனை செட்டில். வலது பக்கத்தைக் காலியாக விடச் சொன்னது இதற்குத்தான். அங்கே எழுத வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவரை ஜெயித்தவர் அப்புறம் அந்தப் போட்டியில் என்ன ஆனார்?

விஜய் அமிர்தராஜை வைத்துக் காட்டுகிறேன்.

1973 விம்பிள்டன். அவருக்கு வயது 19. காலிறுதியில் செக்கோஸ்லோவாகியாவின் யான் கோடெஷிடம் தோல்வி. விஜய் பக்கத்திலிருந்து ஸ்கோர்: 4-6, 6-3, 6-4, 3-6, 5-7. வலது பக்கத்தில் என்ன வரும்? அந்த வருடம் சாம்பியன் கோடெஷ்தான். அதாவது சாம்பியனை ஐந்தாவது செட்டில் 5-7 வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார் ஒரு 19 வயதுப் பையன். வெறும் "காலிறுதி" என்று எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது. இன்னொன்றையும் அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். யூகோஸ்லாவியாவின் நிக்கோலா பிலிச்சுக்கு விதித்த தடையை எதிர்த்து அந்த விம்பிள்டனை ஏறத்தாழ 80 வீரர்கள் புறக்கணித்தார்கள். ஆட்டக்காரர் கூட்டம் மெலிந்திருந்த வருடம் அது. நமக்குப் பிடித்தவர் என்பதற்காக இதை மறைக்கக் கூடாது.

அதே 1973, நியூயார்க்கில் ஃபாரஸ்ட் ஹில்ஸ். அமெரிக்க ஓபன் மூன்றாவது சுற்றில் ராட் லேவரை ஐந்து செட்டில் ஜெயித்தார். காலிறுதியில் கென் ரோஸ்வாலிடம் தோற்றார். அடுத்த வருடம் இதே போட்டியில் சுவீடனின் பியோன் போர்கை ஜெயித்தார், காலிறுதியில் மறுபடியும் ரோஸ்வாலிடமே தோற்றார். ரோஸ்வாலுக்கு அப்போது 39 வயது, அந்தப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனார். ஒரே ஆள், ஒரே சுற்று, இரண்டு வருடம். இப்படி வந்தால் அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

1979 விம்பிள்டன், இரண்டாவது சுற்று. எதிராளி போர்க். 6-2, 4-6, 6-4, 6-7, 2-6. நான்காவது செட் டை பிரேக்கில் (கேம்கள் சமமாக நிற்கும்போது செட்டை முடிக்க ஆடுவது) கைவிட்டுப் போனது. வலது பக்கம்: போர்க் அந்த வருடமும் சாம்பியன்.

1981 விம்பிள்டன் காலிறுதி, ஜிம்மி கானர்ஸ். 6-2, 7-5, 4-6, 3-6, 2-6.

இந்தக் கடைசி வரியை எழுதிக்கொண்டு வந்தது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கோர்ட் ஓரத்தில் வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் நோட்டை விரித்து, விஜய் எடுத்த கேம்களை மட்டும் பென்சிலால் தொட்டுக் காட்டினாள். "ஆறு, ஏழு, நாலு, மூணு, ரெண்டு. படிக்கட்டு எறங்குற மாதிரி இருக்கு மாஸ்டர்." பல வருடமாக அந்த ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், எனக்கு இது படவே இல்லை. இரண்டு செட் கையில் இருந்தது, மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு செட்டிலும் ஒரு படி கீழே. 1973 ஆட்டத்தில் நான்கு, ஆறு, ஆறு, மூன்று, ஐந்து என்று ஏறி இறங்கி ஏறிக் கடைசி வரை மல்லுக்கட்டி நின்றவர், 1981-ல் இப்படி இறங்கியிருக்கிறார். இரண்டுமே ஐந்து செட் காலிறுதித் தோல்விதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஏன் இறங்கினார் என்பது ஸ்கோரைப் பார்த்துத் தெரியாது. களைப்பா, கானர்ஸ் ஆட்டத்தை மாற்றிக்கொண்டாரா? அதனால் அவளை "ஏன்" என்ற பகுதியைக் காலியாக விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதச் சொன்னேன். ஸ்கோர் சொல்லாததை நாம் கற்பனை செய்து நிரப்பக் கூடாது. அடுத்த சுற்றில் கானர்ஸ் போர்கிடம் தோற்றார். அதற்கு முன் முதல் இரண்டு செட்டையும் அவர்தான் ஜெயித்திருந்தார். விஜய்க்கு நடந்தது இரண்டே நாளில் கானர்ஸுக்கும் நடந்தது. இதையும் அந்தப் பெண்தான் கண்டுபிடித்து வலது பக்கத்தில் எழுதினாள்.

தோல்விகளை முடித்த பிறகு கோப்பைகளை எழுதுங்கள். அது அரை மணி நேர வேலை.

வழுக்குகிற இடங்கள்

சில இடங்களில் எல்லாப் பிள்ளைகளும் வழுக்குகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1980-களில் ஆடிய எவருடைய நோட்டிலும் 1986 ஆஸ்திரேலிய ஓபன் வரி காலியாகத்தான் இருக்கும். காயமா, பணமில்லையா என்று தேடி ஒரு பையன் மூன்று நாள் வீணாக்கினான். அந்த வருடம் அந்தப் போட்டியே நடக்கவில்லை. 1985 டிசம்பரில் நடந்தது, அடுத்தது 1987 ஜனவரி. மாதத்தை மாற்றியதால் ஒரு வருடம் விட்டுப்போயிற்று. அதுபோல 1977-ல் இரண்டு முறை நடந்தது.

தரை. இதில்தான் பெரிய பிழை வரும். போட்டியின் பெயர் அதேதான், தரை மாறியிருக்கும். அமெரிக்க ஓபன் 1974 வரை புல்தரை, 1975 முதல் 1977 வரை களிமண் தரை, 1978-லிருந்து ஹார்ட் கோர்ட். ஆஸ்திரேலிய ஓபன் 1987 வரை கூயாங்கில் புல்தரையில் நடந்தது, 1988-லிருந்து வேறு இடத்தில் ஹார்ட் கோர்ட். 1989 ஆஸ்திரேலிய ஓபன் இரண்டாவது சுற்றில் ரமேஷ் கிருஷ்ணன் மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் ஜெயித்தார். விலாண்டர் அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரர், முந்தைய வருடச் சாம்பியனும் அவர்தான். ரமேஷ் என்றால் மென்மையான கை, புல்தரை ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு ஒருவன் "புல்" என்று எழுதி வந்தான். நடந்தது ஹார்ட் கோர்ட்டில். பலமான சர்வீஸ் இல்லாத ஒருவர், பந்தைத் திரும்பத் திரும்பப் போடுவதில் பேர்போன விலாண்டரை அந்தத் தரையில் வைத்து ஜெயித்திருக்கிறார் என்றால் அந்த வெற்றியின் எடையே வேறு.

விம்பிள்டனில் 1971 முதல் 1978 வரை 9-8 என்று ஒரு செட் ஸ்கோர் வந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். அந்த வருடங்களில் டை பிரேக் 8-8-ல்தான் வந்தது. 1979-லிருந்துதான் 6-6.

தரவரிசையை நம்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ரமேஷ் 23-ஆம் இடத்தைத் தொட்டது 1985 ஜனவரியில். கிராண்ட் ஸ்லாம் காலிறுதிக்கு அவர் போன வருடங்களோ 1981, 1986, 1987. உச்ச எண் வந்த வருடமும் உச்ச ஆட்டம் வந்த வருடமும் வேறு வேறு. அத்தோடு, 1990-க்கு முன்னால் ஏடிபி கணக்கு சராசரி முறையில் போட்டார்கள், வாங்கிய புள்ளிகளை ஆடிய போட்டிகளால் வகுத்து. பிற்பாடு சிறந்த போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டும் முறை வந்தது. அதனால் 1985-ன் 23-ஐயும் இன்றைய 23-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

பரிசுப் பணக் கட்டம் போட வேண்டாம். விமானச் செலவு, தங்கும் செலவு, வரி எதுவும் தெரியாமல் அந்த எண் பிள்ளைகளுக்குத் தப்பான எண்ணத்தைத்தான் கொடுக்கும்.

நாட்டுக்காக ஆடியது

டேவிஸ் கோப்பை ஆட்டங்களை வேறு நிற மையில் எழுதுங்கள். அதில் தனி ஆளின் ஸ்கோர் மட்டும் போதாது, அணியின் நிலவரமும் வேண்டும். 1987 அரையிறுதி, சிட்னி, புல்தரை. ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் 2-2. கடைசி ஆட்டத்தில் ரமேஷ் வாலி மசூரை ஜெயித்ததால்தான் இந்தியா இறுதிக்குப் போனது. இறுதியில் சுவீடனிடம் கோதன்பர்க்கில் 0-5. அந்த 0-5-ஐ மட்டும் பார்த்தால் சிட்னி காணாமல் போய்விடும்.

1974-க்கு ஒரு தனிப் பக்கமே ஒதுக்குங்கள். இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. அங்கிருந்த நிறவெறி ஆட்சியை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது, கோப்பை அவர்களுக்குப் போனது. விஜயின் நோட்டில் அந்த இடத்தில் ஊர் இல்லை, எதிராளி இல்லை, ஸ்கோர் இல்லை. ஆனாலும் அந்த வரி கண்டிப்பாக இருக்க வேண்டும். மற்ற ஆறு கட்டமும் காலியாக, முடிவு என்ற இடத்தில் மட்டும் "ஆடவில்லை" என்று எழுதச் சொல்வேன். அந்தக் காலிக் கட்டங்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்ல எனக்கு ஒரு காலை நேரம் முழுக்கத் தேவைப்படும். சந்தோஷமாகக் கொடுப்பேன்.

எப்போது ஓய்வு பெற்றார்

இதற்கு ஒரே தேதி எழுதிவிட முடியாது. கடைசியாக ஜெயித்த ஆட்டம், கடைசியாக ஆடிய ஆட்டம், ஓய்வை அறிவித்த நாள் என்று மூன்று வரி விடுங்கள். மூன்றும் சேர்ந்து வருவது அபூர்வம். போர்க் 1983-ல் விலகினார், 1991-ல் மாண்டி கார்லோவில் பழைய மர ராக்கெட்டோடு திரும்பி வந்தார், முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அவருடைய நோட்டை 1983-ல் மூடியவர்கள் மறுபடியும் திறக்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் என்ன செய்தார் என்பதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ரமேஷ் 1993-ல் நிறுத்தினார், 2007-ல் இந்திய டேவிஸ் கோப்பை அணிக்கு ஆடாத கேப்டனாக இருந்தார். விஜயும் லியாண்டர் பயஸும் 2024-ல் சர்வதேச டென்னிஸ் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார்கள். ஆட்டம் நின்றாலும் வரிகள் நிற்பதில்லை.

தாளில் இல்லாதவர்களை எழுதுவது

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

ராமநாதன் கிருஷ்ணனின் நோட்டில் 1960, 1961 என்ற இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி. முதல் வருடம் நீல் ஃப்ரேசரிடம் தோல்வி, அடுத்த வருடம் ராட் லேவரிடம். வலது பக்கத்தைப் பாருங்கள்: இருவருமே அந்தந்த வருடத்துச் சாம்பியன்கள். அவர் அப்போது அமெச்சூர். 1968-க்கு முன்னால் விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகளில் அமெச்சூர்கள் மட்டுமே ஆட முடியும். காசு வாங்கிக்கொண்டு ஆடுபவரும், காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பவரும் புரொஃபஷனல் என்ற வகை. அவர்களுக்கு இடமில்லை.

அந்தக் கணக்கில் பார்த்தால் என் அப்பா ஒரு புரொஃபஷனல் டென்னிஸ் ஆட்டக்காரர்.

அவர் மதுரையில் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தார். 1942-ல் பிறந்தவர், பத்து வயதில் பந்து பொறுக்கப் போனார், 1959-ல் பதினேழு வயதில் மார்க்கர். மாதம் 45 ரூபாய். விடியற்காலை கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், உருளை இழுக்க வேண்டும், சுண்ணாம்பில் கோடு போட வேண்டும். அப்புறம் மெம்பர்கள் வந்தால் அவர்களோடு ஆட வேண்டும். அவர்கள் கை எங்கே பலவீனமோ அந்தப் பக்கம் பார்த்துப் பந்து கொடுக்க வேண்டும். ஆடிப் பழக அவரை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் சம்பளம் வாங்குகிறவர் என்பதால் அவர் பெயர் எந்தப் போட்டியின் ஆட்டப் பட்டியலிலும் வராது.

கோடு போட அவரிடம் ஒரு தேங்காய் நார்க் கயிறு இருந்தது. அதில் நான்கு முடிச்சு. நாலரை அடி, பதிமூன்றரை அடி, பதினெட்டு அடி, இருபத்தொரு அடி. நெட்டிலிருந்து சர்வீஸ் கோடு இருபத்தொன்று, அங்கிருந்து கடைசிக் கோடு பதினெட்டு, நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டுக் கோடு பதிமூன்றரை, இரட்டையர் ஆட்டத்துக்கு அதற்கு வெளியே நாலரை. இந்த நான்கு முடிச்சுக்குள் முழு கோர்ட்டும் அடங்கிவிடும். ஒரு முனையைக் கட்டைவிரலால் தரையில் அழுத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன், அப்பா மறுமுனையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பார். அந்தக் கயிறு இன்னமும் வீட்டில் இருக்கிறது. சுண்ணாம்பு ஏறி முடிச்செல்லாம் கல்லாகிவிட்டது.

1998-ல் அவர் வேலையிலிருந்து நின்றபோது கிளப்பில் பொன்னாடை போர்த்தி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே "மைதானப் பணியாளர்" என்று போட்டிருந்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. முப்பத்தொன்பது வருடம் ஆடியவர் அவர், அது ஒரு வரியில்கூட இல்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். மார்க்கர், பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர், ரயில்வேயில் ஆடியவர், மாநில அளவில் இரண்டு வருடம் ஆடிவிட்டு வேலைக்குப் போன அம்மா. அவர்களை எழுத இணையம் உதவாது, நேரில் போய் உட்கார வேண்டும்.

போகும்போது சும்மா போகாதீர்கள். ஒரு பழைய பந்தையோ ராக்கெட்டையோ கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். கையில் பிடித்தவுடன் பேச்சு வந்துவிடும். "உங்க வாழ்க்கையில மறக்க முடியாத ஆட்டம் எது?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஏற்கெனவே பல தடவை சொன்ன கதையைத்தான் சொல்வார்கள். சின்னதாகக் கேளுங்கள். அந்த கோர்ட் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, சாயங்காலம் வெயில் யார் கண்ணில் விழும்? ராக்கெட்டுக்கு நரம்பு யார் கட்டினார்கள்? அந்த ஊருக்கு எந்த ரயிலில் போனீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள்? ஷூ யாருடையது? இப்படிக் கேட்கும்போது ஆட்டம் தானாக வந்து சேரும். வருடம் நினைவில்லை என்று சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள். "அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதுக்கு முன்னாடியா பின்னாடியா?", "சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடியா?" என்று கேட்டுக் கேட்டு நெருங்கலாம்.

ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் இருக்கும் பெண்களையும் விடாமல் கேளுங்கள். எந்த வருடம் எந்த ஊரிலிருந்து காய்ச்சலோடு திரும்பினார் என்பது அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது.

எழுதி முடித்ததும் அவரிடமே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

அப்பாவின் நோட்டு மொத்தம் நான்கு பக்கம்தான் வந்தது. அதில் ஒரே ஒரு போட்டி. கிளப் மார்க்கர்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்ட ஆட்டம், திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு மார்க்கரோடு. போன மாதம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது காது மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. "மூணாவது செட் 7-5" என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஏழு அஞ்சு இல்லடா. ஒம்போது ஏழு. அஞ்சு-ஆறுல நான் சர்வீஸ் போட்டேன், தப்பிச்சேன். அதை விட்டுட்டியே."

ரப்பரால் அழித்து 9-7 என்று எழுதினேன், பென்சிலில்தான். அவர் ஒருவர் சொன்னது ஒரு இடம்தானே. அந்த திண்டுக்கல் மார்க்கர் இப்போது இல்லை. அவர் மகன் பேகம்பூர் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறார் என்று விசாரித்ததில் தெரிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு முடிந்ததும் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.